கரவாஜியோவை ரோமில் நேரில் காண்பது எப்படி?

இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் (1571–1610) ஓவியங்களை நெடுநாள் புத்தகங்களில் மட்டுமே பார்த்து ரசித்தவன் நான். அவற்றை நேரில் கண்டே ஆக வேண்டும் என்ற தவிப்புடன்தான் ரோமுக்குப் போனேன். தேவாலயங்களுக்காக வரைந்த ஓவியங்களை, அவை மாட்டப்படவிருந்த சுவரை மனத்தில் வைத்தே அவர் வரைந்திருக்கிறார் என்பது அங்கு நின்றபோதுதான் புரிந்தது. அதனால் அருங்காட்சியகங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், தேவாலயங்களிலிருந்து தொடங்குங்கள் என்பேன். அங்கே நுழைவுக் கட்டணமும் கிடையாது.

முதல் படி: நேரம் பார்த்துக் கிளம்புங்கள்

பல தேவாலயங்களை மதிய வேளையில் மூடிவிடுவார்கள். திருப்பலி நடக்கும்போது உள்ளே சுற்றிப் பார்க்க முடியாது. எனவே வார நாளின் காலை நேரம் நல்லது. தோளும் முழங்காலும் மறையும் உடை அணியுங்கள். சட்டைப் பையில் யூரோ நாணயங்கள் இருக்கட்டும். தேவாலயத்துக்குள் பக்கவாட்டில் இருக்கும் இருண்ட சிற்றாலயங்களில் பெட்டியில் நாணயம் போட்டால்தான் விளக்கு எரியும், சற்று நேரத்தில் அதுவாகவே அணைந்துவிடும். அணைந்ததும் நகர்ந்துவிடாதீர்கள். அந்த அரை இருளில்தான் அவருடைய கறுப்பு எவ்வளவு ஆழமானது என்று தெரியும்.

இரண்டாம் படி: சான் லூயிஜி தெய் பிரான்சேசி

இந்தத் தேவாலயம் நவோனா சதுக்கத்துக்கு அருகில் இருக்கிறது. உள்ளே இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் புனித மத்தேயுவின் வாழ்வைச் சொல்லும் மூன்று ஓவியங்கள். இடச்சுவரில் இருக்கும் 'மத்தேயுவின் அழைப்பு' (1599–1600) ஓவியத்துக்குத்தான் உங்கள் நேரத்தில் பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டும்.

முதலில் பீடத்துக்கு மேலே உள்ள ஜன்னலைப் பாருங்கள். பிறகு ஓவியத்துக்குள் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே திசை. ஓவியத்துக்குள்ளும் ஒரு ஜன்னல் உண்டு, ஆனால் அதிலிருந்து துளி ஒளியும் வரவில்லை.

அடுத்து, வலது ஓரத்தில் நிற்கும் இயேசுவைத் தேடுங்கள். பேதுரு அவரை ஏறக்குறைய முழுதாக மறைத்து நிற்கிறார். முகமும் நீட்டிய கையும் தலைக்கு மேல் நூலிழை போன்ற ஒளிவட்டமும்தான் தெரிகின்றன. அந்தக் கையிலிருந்து கண்ணை மேசைப் பக்கம் கொண்டுபோங்கள். வரி வசூலித்துக்கொண்டிருந்த மத்தேயுவை இயேசு தம் சீடராக அழைக்கும் காட்சி இது. ஆயத்துறையில், அதாவது வரி வசூலிக்கும் இடத்தில், உட்கார்ந்திருப்பவர்களில் மத்தேயு யார்? 'என்னையா?' என்பதுபோல் விரல் நீட்டும் தாடிக்காரர் என்பார்கள் பலர். தலை நிமிராமல் காசில் மூழ்கியிருக்கும் இளைஞன்தான் என்பவர்களும் உண்டு. எனக்கு அந்த இளைஞன் என்றே தோன்றுகிறது. அழைப்பு வந்துவிட்டது, அவனுக்கு இன்னும் கேட்கவில்லை.

நடுப்பீடத்தில் இருப்பது இரண்டாவதாக வரைந்த ஓவியம். அந்த இடத்துக்கு முதலில் வரைந்ததை ஏற்க மறுத்துவிட்டார்கள். அது பின்னாளில் பெர்லினுக்குப் போய் 1945-இல் அழிந்தது. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

மூன்றாம் படி: சாந்த் அகோஸ்தினோ

அங்கிருந்து சில நிமிட நடைதான். 'லொரேத்தோ அன்னை' ஓவியத்தில் மண்டியிட்டிருக்கும் ஏழை யாத்திரிகரின் அழுக்குப் பாதம், பார்ப்பவரின் கண்ணுக்கு நேராக நீள்கிறது. அதைப் பார்த்த பிறகு அன்னையின் முகத்தைப் பாருங்கள்.

நான்காம் படி: சாந்தா மரியா தெல் போப்போலோ

இங்கே செராசி சிற்றாலயத்தின் எதிரெதிர்ச் சுவர்களில் 'பவுலின் மனமாற்றம்', 'பேதுருவின் சிலுவைப்பாடு' என இரண்டு ஓவியங்கள். சிற்றாலயம் மிகக் குறுகலானது, இவற்றை நேர் எதிரே நின்று பார்க்க வழியில்லை. அதற்காக வருந்த வேண்டாம். கம்பித் தடுப்பருகே நின்று பக்கவாட்டில் பாருங்கள். படம் முழுக்கக் குதிரையாக நிறைந்திருக்க, அதன் காலடியில் கைகளை விரித்துக் கிடக்கும் பவுல் நம் பக்கமாகவே விழுந்திருப்பதுபோல் இருக்கும். புத்தகத்தில் இந்தக் கோணம் கிடைக்கவே கிடைக்காது.

ஐந்தாம் படி: அருங்காட்சியகங்கள்

போர்கேசே காட்சிக்கூடத்தில் அவருடைய ஆறு ஓவியங்கள் இருக்கின்றன. இரண்டு மணி நேரம்தான் அனுமதி, டிக்கெட்டை முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். உள்ளே போனதும் 'கோலியாத்தின் தலையுடன் தாவீது' ஓவியத்துக்குப் போங்கள். வெட்டுண்ட அந்தத் தலைக்குத் தன் முகத்தையே அவர் கொடுத்திருக்கிறார். பர்பெரினி அரண்மனை, தோரியா பம்பீலி, வத்திக்கான் ஓவியக்கூடம் ஆகியவற்றிலும் அவர் ஓவியங்கள் உண்டு. அருங்காட்சியக ஓவியங்களை வேற்றூர்க் கண்காட்சிகளுக்கு அனுப்புவது வழக்கம் என்பதால், கிளம்பும் முன் அவர்கள் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

ரோமுக்குப் பிறகு

1606-இல் ஒரு கொலைக்குப் பின் அவர் ரோமைவிட்டுத் தப்பியோடினார். அவர் போன வழியில் நாமும் போகலாம். நேப்பிள்ஸில் 'கருணையின் ஏழு செயல்கள்'. மால்டாவின் வாலெட்டாவில், புனித யோவான் இணைப் பேராலயத்தில் 'யோவான் ஸ்நானகனின் சிரச்சேதம்' (1608). அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் இதுதான். யோவானின் கழுத்திலிருந்து வழிந்த இரத்தத்தில் அவர் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக வழிசெய்யும் ஷெங்கன் பகுதியில் மால்டாவும் அடங்கியது. இத்தாலிக்கு எடுத்த ஷெங்கன் விசாவிலேயே அங்கும் போய்வரலாம், விண்ணப்பிக்கும்போதே அந்த நாட்களையும் பயணத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.