குடும்பங்கள் வரும் விழாவை ஏற்பாடு செய்கிறீர்களா?

எங்கள் ஊர் சின்ன நகரம். பண்டிகைக் கால விழாக்களை ஏற்பாடு செய்யும் குழுவில் நான் பதினோரு வருடமாக இருக்கிறேன். முதல் வருடத்தை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது. ஆறு மணி என்று அறிவித்துவிட்டு ஏழரைக்குத்தான் தொடங்கினோம். வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து குழந்தைகளின் நடனம் வந்தபோது மணி ஒன்பதரை. ஒரு மாதம் பயிற்சி எடுத்த சிறுமி, முகத்தில் ஒப்பனையோடு அம்மா தோளில் தூங்கிவிட்டாள். எழுப்ப மனம் வரவில்லை. அவள் ஆடவே இல்லை.

அதற்குப் பிறகு, வருகிறவர்களில் யார் மிகச் சின்னவரோ அவரை மனதில் வைத்துத்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறோம்.

முதலில் தேதி. சின்ன ஊரில் அரங்கம் ஒன்றுதான் இருக்கும், ஸ்பீக்கர் வாடகைக்கு விடுபவரும் ஒருவர்தான் இருப்பார். அதனால் வருடத் தொடக்கத்திலேயே எல்லாச் சமூகத்தாரையும் அழைத்து, ஒரு காலண்டரை நடுவில் வைத்துப் பேசிவிடுங்கள். போன வருடத் தேதியை அப்படியே எடுக்க முடியாது. இஸ்லாமிய ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான் என்பதால் ரமலான் ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாள் முன்னால் வரும். ஈஸ்டர் ஞாயிறு மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். தீபாவளி அமாவாசையோடு நகரும். நோன்பு திறக்கும் நேரத்தில் பொது விழாவை வைத்துவிட்டு, ஏன் அவர்கள் வரவில்லை என்று கேட்பதில் நியாயம் இல்லை. பள்ளித் தேர்வுத் தேதிகளையும் அதே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

விழா இரண்டு மணி நேரத்துக்குள் முடியட்டும். மாலை நாலரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிப்பது எங்களுக்கு ஒத்துவருகிறது. ஒரே ஒரு பேச்சு, மூன்று நிமிடம். மிகச் சின்னக் குழந்தைகளை முதலில் மேடையேற்றுங்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு: தங்கள் பிள்ளை ஆடி முடித்ததும் பெற்றோர் கிளம்பிவிடுவார்கள், கடைசியில் ஆடுகிற பெரிய பிள்ளைகளுக்கு வெறும் நாற்காலிகள்தான் மிஞ்சும். நாங்கள் நிறைவாக எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து பாடும் பாட்டு ஒன்றை வைத்தோம். அதன் பிறகு யாரும் பாதியில் எழுந்து போவதில்லை.

அப்புறம் சத்தம். இதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. குழந்தைகள் முன்னால் ஓடிவந்து ஸ்பீக்கர் பக்கத்தில்தான் உட்காருவார்கள். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் நிறுவனம் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கே 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம்தான் எல்லை என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். குழந்தைகளின் காதை இதைவிடக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பீக்கரைத் தாங்கியில் தலைக்கு மேல் உயர்த்தி, முன்வரிசையைத் தள்ளிப் போடுங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபெல் குறையும். கைபேசிச் செயலியில் தோராயமாக அளந்து பார்க்கலாம்.

ஒரு வருடம் நாலு வயதுப் பையன் ஒருவன் பன்னிரண்டு நிமிடம் காணாமல் போனான். பன்னிரண்டு என்று எனக்கு நன்றாகத் தெரியும், அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வாசலிலேயே ஒரு மேசை போட்டு, பெற்றோரின் கைபேசி எண்ணைக் குழந்தையின் உள்கையில் பேனாவால் எழுதிவிடுகிறோம். தனியாக நிற்கும் குழந்தை கிடைத்தால் அந்த மேசைக்குத்தான் அழைத்துவர வேண்டும், எப்போதும் இரண்டு தன்னார்வலர்கள் கூட இருக்க வேண்டும். மைக்கில் குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ சொல்லாதீர்கள். யாரோ ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டு வந்து உரிமை கோரலாம். கையில் எழுதிய எண்ணுக்குப் போன் செய்தாலே போதும்.

மேடைக்குச் சரிவுப்பாதை கட்டாயம் வேண்டும். ஓர் அடி ஏற 12 அடி நீளம் என்பது பல நாடுகளில் உள்ள கணக்கு. இரண்டடி மேடை என்றால் 24 அடி. இடம் போதாவிட்டால் மேடையைத் தாழ்த்துங்கள். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பையனை நாங்கள் நாலு பேர் தூக்கி மேடையேற்றினோம். எல்லோரும் கைதட்டினார்கள், அவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த வருடம் மேடை ஓரடியானது, அவனே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தான்.

பால் கொடுக்கவும், கூட்டமும் சத்தமும் தாங்காத பிள்ளைகள் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கவும் ஓர் அறையை ஒதுக்குங்கள். கழிப்பறைக்கு வழிகாட்டும் பலகையைக் குழந்தையின் கண் உயரத்திலும் ஒட்டுங்கள்.

விழா முடிந்த வாரத்திலேயே பத்துக் குடும்பங்களையாவது கூப்பிட்டு, பிள்ளை எப்போது சிணுங்கத் தொடங்கியது என்று கேளுங்கள். போன முறை ஐந்து பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: ஆறு மணிக்கு, பரிசளிப்பின்போது. இந்த வருடம் பரிசுகளை வாசல் மேசையிலேயே கொடுக்கப்போகிறோம்.