புது மாட்டை எப்போது, எப்படிப் பரிசோதிப்பது? வைரஸ் நோய்ப் பரிசோதனை, படிப்படியாக

"மக்ளே, பசு நேத்து ராத்திரி முதல் வெள்ளங்கூட குடிக்கல்ல. வாயில நுரையா வடியுது."

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாரில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் மாமி ஒரு ஐப்பசி விடியலில் வந்து சொன்னது இது. ஒன்பது நாள் முன்புதான் ஒரு சினைக் கிடாரியை வாங்கி வந்திருந்தார். வந்த அன்று சாயங்காலமே தன் இரண்டு கறவைகளுக்கு நடுவில் கட்டிவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது கிடாரியின் நாக்கில் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. முன்னங்கால் குளம்பிடுக்கில் புண். கோமாரி. மூன்றாம் நாள் மற்ற இரண்டு பசுக்களும் படுத்துவிட்டன.

மருத்துவர் வந்தார், மூன்றும் பிழைத்தன. ஆனால் மாமி அன்று கேட்ட கேள்விக்கு எனக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. "வாங்கின அன்னைக்கே சோதிச்சிருந்தா தெரிஞ்சிருக்குமா?"

அந்தக் கேள்விக்கு முழுப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்களுக்கும், புதிதாகப் பண்ணை தொடங்குபவர்களுக்கும். ரத்தம் எடுப்பதும் மருந்து சொல்வதும் கால்நடை மருத்துவரின் வேலை. அதற்கு முன்னும் பின்னும் உள்ளதெல்லாம் நம் வேலை.

படி 1: எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

"மாட்டுக்கு ஒரு டெஸ்ட் எடுக்கணும்" என்று போனால் காரியம் ஆகாது. பரிசோதனைகள் இரண்டு வகை. ஒன்று, மாட்டின் உடலில் இப்போது வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது. வைரஸின் மரபணுப் பொருளைத் தேடும் பி.சி.ஆர். அப்படிப்பட்டது, வைரஸின் புரதத்தையே பிடிக்கும் எலைசா என்ற ஆய்வகச் சோதனைகளும் உண்டு. இன்னொன்று, அந்த வைரஸை மாட்டின் உடல் எப்போதாவது எதிர்த்ததா என்று ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருளை வைத்துப் பார்ப்பது. பெரும்பாலும் இதுவும் எலைசாதான். அதனால் எலைசா என்று மட்டும் கேட்காமல், எதைத் தேடும் எலைசா என்று கேளுங்கள்.

ரப்பர் தோட்டத்தில் பாம்பைப் பார்ப்பது ஒன்று, அது உரித்துப் போட்ட சட்டையைப் பார்ப்பது வேறு. சட்டை கிடந்தால் பாம்பு வந்தது உறுதி; இப்போதும் அங்கே இருக்கிறதா என்று சட்டை சொல்லாது. எதிர்ப்புப் பொருளும் அப்படித்தான். அதோடு, தொற்று ஏறி ஒரு வாரம் பத்து நாளுக்குப் பிறகே அது ரத்தத்தில் தெளிவாகத் தெரியும். நேற்று தொற்றிய மாட்டின் ரத்தத்தில் இன்று அதைத் தேடினால் "இல்லை" என்றுதான் வரும். மாட்டுக்கு நோய் இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை.

தடுப்பூசி போட்ட மாட்டுக்கும் எதிர்ப்புப் பொருள் இருக்கும். அப்படியானால் ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? கோமாரியில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. தடுப்பூசிக்கு வளர்த்த வைரஸைச் செயலிழக்கச் செய்து சுத்திகரிக்கும்போது, வைரஸ் பெருகுகையில் மட்டும் உண்டாகும் சில புரதங்கள் நீக்கப்படுகின்றன. அந்தப் புரதங்களுக்கு எதிரான பொருள் ஒரு மாட்டின் ரத்தத்தில் இருந்தால், உண்மையான வைரஸ் அதன் உடலில் பெருகியிருக்கிறது என்று கொள்ளலாம். ஊசி போட்ட மாடு என்றால் இந்தச் சோதனையைத்தான் கேட்க வேண்டும்.

படி 2: நோயைப் பொறுத்து மாதிரி மாறும்

கோமாரி என்றால் வாயிலோ குளம்பிலோ புதிதாக எழுந்த கொப்புளத்தின் தோல்தான் சிறந்த மாதிரி. முதல் இரண்டு மூன்று நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். புண் காய்ந்த பிறகு அதில் வைரஸ் கிடைப்பது அரிது. அந்தத் தோல் துணுக்கை வெறும் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடக்கூடாது. மாதிரி கெடாமல் காக்க, கிளிசரின் கலந்த தாங்கல் கரைசல் என்று ஒன்று இருக்கிறது, மருத்துவர் கொண்டுவருவார். இந்தியாவில் போடும் கோமாரித் தடுப்பூசியில் ஓ, ஏ, ஆசியா 1 என்று மூன்று வகை வைரஸ்கள் இருக்கின்றன. ஒன்றுக்கான எதிர்ப்பு மற்றதைத் தடுக்காது. இப்போது பரவுவது எந்த வகை என்று தெரிய வேண்டுமானால் அந்தத் தோல் துணுக்கு ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். கோமாரிக்கென்றே தேசிய அளவிலான நிறுவனம் புவனேஸ்வரத்தில் இருக்கிறது.

தோல் கழலை, அதாவது உடம்பெல்லாம் கட்டி கட்டியாக எழும் நோய், இந்தியாவில் 2019-இல் ஒடிசாவில் முதலில் தெரியவந்து 2022-இல் வட மாநிலங்களில் பெரிய அளவில் மாடுகளைக் கொன்றது. இதற்குக் கட்டியின் மேல் காயும் பொருக்குதான் நல்ல மாதிரி. காய்ந்த பொருக்கில் ஒரு மாதத்துக்கு மேலும் வைரஸ் உயிரோடு இருக்கும். அதனாலேயே உதிர்ந்த பொருக்கைக் கூட்டித் தென்னை மூட்டில் போடாதீர்கள், எரித்துவிடுங்கள். ரத்தக் குழாயில் வைரஸ் கொஞ்ச நாள்தான் சுற்றும். கடிக்கும் ஈயும் கொசுவும் பரப்பும் நோய் இது. இரண்டு மழைக்காலம் பார்க்கும் நம் மாவட்டத்தில் தொழுவத்துச் சாணிக்குழியும் தேங்கிய நீரும் எவ்வளவு முக்கியம் என்று இதிலேயே தெரியும்.

மூன்றாவது, நம் பக்கம் அதிகம் பேசப்படாத பி.வி.டி. என்ற மாட்டு வைரஸ் கழிச்சல். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கவலை தருவது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. சினையின் முதல் நான்கு மாதத்துக்குள் தாய்க்கு இந்தத் தொற்று வந்தால், வயிற்றில் உள்ள கன்று வைரஸைத் தன் உடம்பின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொள்ளும். அதை எதிர்க்காது. பிறந்த நாள் முதல் சாகும் நாள் வரை எச்சிலிலும் மூக்குச் சளியிலும் சாணியிலும் வைரஸைக் கொட்டிக்கொண்டே இருக்கும். சில நேரம் பார்க்க நல்ல கன்றாகவே இருக்கும். அது நிற்கும் தொழுவத்தில் சினை நிற்காது, கரு கலையும், மற்ற கன்றுகள் நோஞ்சானாகும்.

இதற்குக் காது நுனியில் ஒரு சின்னத் தோல் துண்டு போதும். அயர்லாந்தில் 2013 முதல் பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் காதில் அடையாள வில்லை மாட்டும்போதே இந்தத் துண்டை எடுத்துச் சோதிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். "உண்டு" என்று வந்தால் மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். தற்காலிகமாகத் தொற்றிய மாட்டில் அப்போது வைரஸ் போயிருக்கும். பிறவியிலேயே சுமக்கும் மாட்டில் அப்படியே இருக்கும்.

சினைக் கிடாரி வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். தாயைச் சோதித்து வைரஸ் இல்லை என்று வரலாம். வயிற்றில் இருக்கும் கன்று அதைச் சுமந்துகொண்டிருக்கலாம். கன்று ஈன்ற பிறகு கன்றையும் சோதித்தால்தான் அந்தப் பரிசோதனை முடிந்தது.

ஐ.பி.ஆர். என்ற மூக்கு, மூச்சுக்குழல் நோயில் கதை வேறு. ஒருமுறை தொற்றினால் வைரஸ் நரம்பு முடிச்சில் ஆயுசுக்கும் பதுங்கியிருக்கும். அதனால் ஊசி போடாத வளர்ந்த மாட்டில் எதிர்ப்புப் பொருள் இருந்தாலே அதைச் சுமப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கும் குறைந்த கன்றில் மட்டும் அவசரப்பட வேண்டாம். சீம்பால் வழியாக வந்ததாகவும் இருக்கலாம்.

படி 3: தனியாகக் கட்டுங்கள்

ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிப் பக்கம் போய் வாங்கினாலும் சரி, கேரளத்திலிருந்து களியக்காவிளை வழியாக வந்ததானாலும் சரி, பக்கத்து வீட்டில் வாங்கினதானாலும் சரி, புது மாடு குறைந்தது மூன்று வாரம் தனியாக நிற்க வேண்டும். முப்பது நாள் என்றால் இன்னும் நல்லது. கோமாரி தொற்றினால் இரண்டு நாள் முதல் பதினான்கு நாளுக்குள் வெளியே தெரிந்துவிடும். தோல் கழலைக்குச் சில நேரம் நாலு வாரம்கூட ஆகும்.

இடம் இல்லை என்பார்கள். பத்து சென்ட் வீட்டில் எனக்கும் தெரியும். விறகோ தேங்காய் மடலோ போட்டிருக்கும் சாய்ப்பை ஒதுக்கினால் போதும். தனி வாளி, தனிக் கயிறு, தனித் தண்ணீர்த் தொட்டி. பழைய மாடுகளைக் கறந்து முடித்த பிறகே புது மாட்டிடம் போங்கள். திரும்பும்போது கால் நனைக்க ஒரு சட்டியில் சலவை சோடாக் கரைசல், லிட்டருக்கு 40 கிராம். காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்து நோட்டில் எழுதுங்கள். மாட்டுக்குச் சுமார் 101.5 டிகிரி பாரன்ஹீட் இயல்பு. 103 தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கொப்புளம் தெரிவதற்கு முன்பே காய்ச்சல் தெரியும்.

படி 4: மாதிரி எடுக்கும்போது

மருத்துவர் வரும்போது மாட்டைத் தூணோடு சேர்த்துத் தலை அசையாமல் கட்டி வையுங்கள். வாலை நேராக மேலே தூக்கிப் பிடிக்க ஒருவர் வேண்டும். வாலின் அடிப்பக்கம், நடுவில் ஓடும் பள்ளத்தில், மருத்துவர் ஊசியைச் செங்குத்தாக விடுவார். வாலை முறுக்காதீர்கள், தூக்கினால் போதும்.

இரண்டு குழாய் வைத்திருப்பார். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து இருக்கும். வைரஸைத் தேட அது. எடுத்ததும் குழாயை மெல்ல ஏழெட்டு முறை தலைகீழாகச் சாய்க்க வேண்டும், குலுக்கக் கூடாது. சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் உறைய வேண்டும். எதிர்ப்புப் பொருளைத் தேட அது. அதை உடனே ஐஸில் வைக்காதீர்கள். திண்ணையில் நிழலில், சாய்த்து, ஒன்றிரண்டு மணி நேரம் வையுங்கள். ரத்தம் உறைந்து சுருங்கச் சுருங்க, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் ஒதுங்கும். அதுதான் சீரம். அதைத்தான் ஆய்வகம் கேட்கிறது.

முதன்முதலில் நான் ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு போனபோது, ரத்தம் எடுத்த கையோடு சட்டைப் பையில் போட்டு, பைக்கில் குண்டும் குழியுமான ரோட்டில் நாகர்கோவில் வரை போனேன். போய்ப் பார்த்தால் சீரம் முழுவதும் செம்பருத்திச் சாறு போல் சிவந்திருந்தது. சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன, பயன்படாது என்றார்கள். நாலு நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. நோய் முற்றும் நேரத்தில் நாலு நாள் பெரிய இழப்பு.

படி 5: அனுப்புவது

மீன் வியாபாரத்துக்கு ஐஸும் தெர்மாகோல் பெட்டியும் நம் கடற்கரை ஊர்களில் எங்கும் கிடைக்கும். புதுப் பெட்டியாக வாங்குங்கள். ஐஸைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி அடியில் வைத்து, மேலே செய்தித்தாள், அதற்கு மேல் குழாய்கள். ஐஸில் நேரே படக்கூடாது. முழு ரத்தம் உறைபனியானால் கெட்டுவிடும். உருகிய தண்ணீரில் பேனா எழுத்து கரைந்துவிடும், அதனால் பென்சிலால் எழுதி டேப் ஒட்டுங்கள். மாட்டின் பெயர் போதாது. காதில் உள்ள 12 இலக்க எண், தேதி, காய்ச்சல் தொடங்கிய நாள், கடைசியாகத் தடுப்பூசி போட்ட நாள், சினையா என்பது. இவை இல்லாத சீட்டை வைத்து ஆய்வகத்தில் இருப்பவர் முடிவுக்குப் பொருள் சொல்ல முடியாது.

உள்ளூர்க் கால்நடை மருந்தகம்தான் முதல் வாசல். அங்கிருந்து கால்நடை பராமரிப்புத் துறையின் நோய் புலனாய்வுப் பிரிவுக்குப் போகும். அவசரத்துக்கு 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழைக்கலாம். கோமாரி, தோல் கழலை போன்ற நோய் என்று சந்தேகம் வந்தால் தெரிவிக்க வேண்டியது உரிமையாளரின் கடமை என்று 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டமே சொல்கிறது. பால் சங்கத்தில் பெயர் கெடும் என்று மறைக்காதீர்கள். ஒரே கேனில் பால் ஊற்றும் இருபது வீட்டுத் தொழுவமும் உங்களை நம்பி நிற்கிறது.

படி 6: முடிவைப் படிப்பது

எந்தச் சோதனையும் நூற்றுக்கு நூறு சரியாகச் சொல்லாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு மாட்டில் இரண்டுக்குத்தான் நோய். நோயில்லாத நூறில் இரண்டைத் தவறாக "உண்டு" என்று சொல்லும் சோதனை ஒன்றை எல்லாவற்றுக்கும் செய்கிறோம். நோயுள்ள இரண்டும் வரும், நோயில்லாத இரண்டும் வரும். "உண்டு" என்று வந்த நாலில் பாதி தவறு! அதனால் நோய்க்குறி எதுவும் இல்லாத மாட்டுக்கு "உண்டு" என்று வந்தால், இன்னொரு முறையில் உறுதி செய்யாமல் விற்கவோ கழிக்கவோ முடிவெடுக்காதீர்கள். தனியாக மட்டும் கட்டுங்கள்.

"இல்லை" என்று வந்தாலும் எப்போது எடுத்த மாதிரி என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு சீரம். முதலில் இருந்ததைவிட எதிர்ப்புப் பொருள் நான்கு மடங்கோ அதற்கு மேலோ ஏறியிருந்தால், இடையில் தொற்று நடந்திருக்கிறது.

பி.வி.டி.யைப் பிறவியிலேயே சுமக்கும் கன்று உறுதியானால், அதை அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள். சந்தைக்குப் போகக் கூடாது, சினைக்கு விடக் கூடாது, சினை மாடுகளுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. மற்றதை மருத்துவருடன் பேசி முடிவு செய்யுங்கள்.

பரிசோதனை தடுப்பூசிக்கு மாற்று இல்லை. கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கன்றுக்கு நாலு மாதம் ஆனதும். நம் பாட்டன்மார் காலத்தில் ஊர் ஊராக மாடுகளைக் கொண்டுபோன வெக்கை நோய் 2011-இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. முதலில் ஊசி, பிறகு ஊசியை நிறுத்திவிட்டு ஆயிரக்கணக்கான மாடுகளின் ரத்தத்தைச் சோதித்து எங்கும் இல்லை என்று உறுதி செய்தது. இரண்டும் சேர்ந்துதான் அது நடந்தது.

சரி, மாமியின் கேள்விக்கு வருகிறேன். வாங்கிய அன்றே சோதித்திருந்தால் தெரிந்திருக்குமா? எதிர்ப்புப் பொருளைத் தேடியிருந்தால் அநேகமாகத் தெரிந்திருக்காது, தொற்று அவ்வளவு புதிது. மூன்று வாரம் சாய்ப்பில் கட்டியிருந்தால் ஒன்பதாம் நாள் ஒரு மாடு மட்டும் விழுந்திருக்கும், அந்தக் கொப்புளத் தோல் அன்றே ஐஸ் பெட்டியில் போயிருக்கும், மற்ற இரண்டும் பால் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கும்.

அந்தக் கிடாரி மாசியில் ஈன்றது. பசுங்கன்று. பத்தாம் நாள் மருத்துவர் வந்து காது நுனியில் ஒரு துண்டு எடுத்தபோது மாமிதான் கன்றின் தலையைப் பிடித்துக்கொண்டார். முடிவு வரும்வரை தாயையும் கன்றையும் சாய்ப்பில்தான் கட்டியிருந்தார். மடலெல்லாம் இப்போது வெளியே, தென்னை மூட்டில் அடுக்கியிருக்கிறது.