பாதை விலகி குகை பார்க்கப் போகும் முன்

சிட்னிக்கு மேற்கே புளூ மவுண்டன்ஸ் காட்டில் நடந்தால், போட்ட திட்டப்படி வீடு திரும்புவது கஷ்டம்தான். பாதையோரம் மணற்கல் குடைந்து பெரிய தாழ்வாரம் போல ஒரு குகை தெரியும். ‘ஐந்து நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்’ என்று கால் தானாக விலகும். சரி, விலகட்டும். ஆனால் விலகும் இடத்திலேயே, இணையமில்லாமல் வேலை செய்யும் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். பத்தடி போனதும் திரும்பி நின்று, வந்த வழியை ஒரு படம் எடுங்கள். போகும்போது பார்த்த காடு வேறு, திரும்பும்போது தெரியும் காடு வேறு. யூகலிப்டஸ் மரங்கள் அடையாளத்துக்கு உதவாது.

இந்த மலைகளின் மேற்கு ஓரத்து ஊரான லித்கோ பக்கம் பகோடா பாறைகள் கோபுரம் கோபுரமாக நிற்கும். மணற்கல்லுக்கு இடையே இரும்பு ஏறிய தகடுகள் படிக்கட்டு போல நீட்டிக்கொண்டிருக்கும். நம்பி மிதிக்காதீர்கள், சில இடங்களில் அப்பளம் மாதிரி ஒடியும். ஒடிந்தால் திரும்ப வளரவும் போவதில்லை. ஏறியதைவிட இறங்குவதுதான் பாடு. இறங்க முடியும் என்று தெரிந்த பாறையில் மட்டும் ஏறுங்கள்.

குகைச் சுவரில் கைத்தடம் தெரிந்தால் அது பழங்குடி மக்களின் ஓவியம். தொடக்கூடாது, தரைப்புழுதியையும் கிளப்பக்கூடாது.

அப்புறம், பள்ளத்தாக்கில் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது. செயற்கைக்கோள் வழி அபாயச் செய்தி அனுப்பும் சிறு கருவியை இதே மலையிலுள்ள பிளாக்ஹீத் ஊரின் தேசியப் பூங்கா மையத்தில் இலவசமாக இரவல் வாங்கலாம்.