ஊற்றுக்குப் பக்கத்தில் குவாரி வருகிறதா? ஜேசிபி வருவதற்குள் இதைச் செய்யுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீரில் ப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அப்படிப்பட்ட ஊரில் மலையடிவாரத்து ஊற்று ஒன்று சித்திரையிலும் ஓடுகிறது என்றால் அதை எப்படி விட முடியும்? குவாரியோ வீட்டுமனையோ வந்த பிறகு அளந்தால், முன்பு எவ்வளவு ஓடியது என்று காட்ட நம் கையில் எதுவும் இருக்காது.

முதல் வேலைக்குச் செலவே இல்லை. 10 லிட்டர் வாளி நிரம்ப 40 நொடி ஆனால் நிமிடத்துக்கு 15 லிட்டர், நாளுக்கு 21,600 லிட்டர். வாரம் ஒருமுறை அதே இடத்தில் பிடித்து, மழை பெய்த நாளையும் சேர்த்து நோட்டில் எழுதுங்கள்.

அப்புறம் நிலத்தடி சர்வே. போருக்குப் பார்ப்பதுபோல ஒரே பாயிண்டில் பார்த்தால் இதற்குப் போதாது. ஊற்றுக்கு மேலே, சரிவுக்குக் குறுக்காகக் கோடு போட்டு மின்தடை இமேஜிங் எடுக்கச் சொல்லுங்கள். கம்பிகளை வரிசையாக மண்ணில் அடித்து, மின்சாரம் செலுத்தி, நிலத்தடி அதை எவ்வளவு தடுக்கிறது என்று படமாக்கும் முறை அது. 200 மீட்டர் கோட்டுக்குச் சுமார் 35 முதல் 40 மீட்டர் ஆழம் தெரியும். ஈர மொரம்பு (சிதைந்த பாறை மண்) குறைந்த தடை காட்டும், உடையாத பாறை ஆயிரம் ஓம் மீட்டரை (இந்தத் தடையை அளக்கும் அலகு) தாண்டும், ஆனால் களிமண்ணும் தண்ணீர் மாதிரியே குறைவாகத்தான் காட்டும் என்பதால் பக்கத்துத் திறந்த கிணற்றின் சுவரில் தெரியும் அடுக்குகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. மண் காய்ந்திருந்தால் கம்பி அடித்த இடத்தில் உப்புத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். இரும்பு வேலி, பைப் லைன், மின்கம்பி ஓரமாகக் கோடு வேண்டாம்.

நம் பக்கத்தில் கட்டாயம் கவனிக்க வேண்டியது கறுப்புக் கல். கறுப்பு கிரானைட் என்று வெட்டி எடுக்கிறார்களே, அது பெரும்பாலும் டோலரைட் டைக், பழைய பாறைக்குள் செங்குத்தாக ஏறி நிற்கும் சுவர். பல இடங்களில் அந்தச் சுவர்தான் நிலத்தடியில் அணைபோல் தண்ணீரைத் தடுத்து மேலே தள்ளி ஊற்றாக்குகிறது. சில இடங்களில் அதன் ஓரத்து விரிசலில் தண்ணீர் ஓடி வரும். எப்படியானாலும், சுவரை வெட்டினால் ஊற்றுக்கு ஆபத்து. காந்தப்புலத்தை அளக்கும் மேக்னெட்டோமீட்டரோடு குறுக்கே நடந்தால் டைக் இருக்கும் இடத்தில் அளவு சட்டென்று மாறும், ஏனென்றால் அந்தக் கல்லில் காந்தத் தன்மையுள்ள தாது அதிகம். இந்த ஒரு வேலையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

முடிவை வண்ணப் படமாக மட்டும் வாங்காமல், புல எண்ணோடு எஃப்எம்பி வரைபடத்தில் (புலத்தின் எல்லை அளவுகள் உள்ள வருவாய்த் துறை வரைபடம்) குறித்து, நிலவியலாளர் கையெழுத்துடன் வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு அதோடு இணைத்து கலெக்டருக்கும் கனிமவளத் துறைக்கும் கொடுங்கள். மார்ச் 22 தண்ணீர் தினத்தன்றும் சபை கூடுகிறது, அன்றைக்கே எடுத்தால் நல்லது.

சர்வே எடுத்த கோட்டின் இரு முனையிலும் கல் நட்டு ஜிபிஎஸ் எண்ணை எழுதி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் அதே கோட்டில் இன்னொரு முறை எடுத்தால், எந்த இடம் ஈரமேறியிருக்கிறது, தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்பது படத்திலேயே தெரியும்.