பெரிய தொட்டிக்கு மாறும்போது கழுவக்கூடாதது எது?

இரண்டடித் தொட்டியில் இருந்த நான்கு கோல்டு ஃபிஷ்களை மூன்றடித் தொட்டிக்கு மாற்றிய அன்று வீடே பளபளவென்று இருந்தது. புதுக் கண்ணாடி, புதுக் கூழாங்கல், புது ஃபில்டர், புதுத் தண்ணீர். ஐந்தாம் நாள் காலையில் இரண்டு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள் சிவந்திருந்தது. மறுநாள் ஒன்று மிதந்தது. எல்லாவற்றையும் புதுசாக வைத்ததுதான் நான் செய்த தப்பு.

மீனின் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும். வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். இந்த பாக்டீரியா தண்ணீரில் இருப்பது சொற்பம். ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. நாமோ பழைய தண்ணீரைப் பக்கெட் பக்கெட்டாகச் சுமந்து புதுத் தொட்டியில் ஊற்றிவிட்டு, வழுவழுவென்று அழுக்கேறிய ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவுகிறோம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மிச்சம் மீதியும் செத்துப்போகும். பிறகு அது வெறும் தொட்டிதான். பாக்டீரியா மறுபடி வளர்ந்து நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

அதனால் பழைய ஃபில்டரை அப்படியே புதுத் தொட்டிக்குள் இறக்குங்கள். புது ஃபில்டரும் ஒரு மாதம் கூடவே ஓடட்டும். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டிருந்தால் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக ஒருமுறை அலசினால் போதும். இடையில் காயவிடக்கூடாது. மணிக்கணக்கில் ஓடாமல் கிடந்தாலும் ஆக்சிஜன் இல்லாமல் பாக்டீரியா செத்துவிடும்.

அடுத்தது தண்ணீர். குளோரின் மட்டும்தான் என்றால் ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் விட்டால் போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்திருந்தால் அப்படிப் போகாது, குளோரின் நீக்கிச் சொட்டுதான் வழி. போர் தண்ணீரில் வேறு சிக்கல். பல மாதம் சரியாகத் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) இறங்கியிருக்கும். அங்கே அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் கிடக்கும். பிஹெச் அதிகமுள்ள போர் தண்ணீர் சேர்ந்ததும் அது திரும்ப அம்மோனியாவாகிவிடும். 'நல்ல தண்ணீருக்குத்தானே மாற்றினேன், எப்படிச் செத்தது?' என்று பலர் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். மாற்றுவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில், பழைய தொட்டியிலேயே இதே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பழக்கிவிடுங்கள்.

மீனைப் பழைய தண்ணீருள்ள கவரோடு புதுத் தொட்டியில் மிதக்கவிட்டால் சூடு மட்டும்தான் சமமாகும். கவரைத் திறந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் புதுத் தண்ணீர் என்று அரை மணி நேரம் சேர்க்க வேண்டும். நீள வாலுள்ள மீனை வலையில் அள்ளாமல் மக்கில் மொண்டு எடுங்கள். அன்று தீனி வேண்டாம், விளக்கும் வேண்டாம். மூடி போட மறக்காதீர்கள். புது இடத்தில் மிரண்டு குதிக்கும்.

கனத்தையும் யோசிக்க வேண்டும். மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் தளும்ப நிரப்பினால் சுமார் 160 லிட்டர் பிடிக்கும். கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் 200 கிலோவை நெருங்கும். பழைய டீப்பாய் தாங்காது. அடியில் தெர்மாகோல் ஷீட் போட்டு, நீர் ஊற்றி ஒரு நாள் கசிவு பார்த்த பிறகே மீன். இடம் நிறைய இருக்கிறதே என்று அன்றைக்கே ஆறு புது மீன் வாங்கி விடுவதைப் பற்றி என்ன சொல்ல! ஸ்பாஞ்சில் இருப்பது நாலு மீனின் கழிவுக்குப் பழகிய பாக்டீரியாதானே.

போன வருடம் மறுபடி தொட்டி மாற்றியபோது அழுக்கு ஸ்பாஞ்சை மக்கில் வைத்து எடுத்துப்போய் இறக்கினேன். தண்ணீர் டீ நிறத்துக்குக் கலங்கியது. 'இதுக்கா இவ்வளவு செலவு?' என்றாள் மனைவி. காலையில் தெளிந்துவிட்டது, மூன்று மீனும் தீனிக்கு மேலே வந்து நின்றன.