கைக்குழந்தையை எந்த டே கேரில் விடுவது? பார்க்க வேண்டியதும் கேட்க வேண்டியதும்

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு டே கேர் தேடும்போது பாடத்திட்டம், பொம்மைகள், சுவர் ஓவியம் எல்லாம் கடைசிதான். அழும்போது தூக்க ஒரு கை இருக்கிறதா, அந்தக் கைக்குச் சொந்தக்காரர் அடுத்த மாதமும் அங்கே இருப்பாரா? இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் முக்கால் வேலை முடிந்தது. எவ்வளவு அன்பான மனுஷியாக இருந்தாலும், ஆறு குழந்தைகளைத் தனியாகப் பார்த்தால் மதியத்துக்குள் சலித்துப்போவார். அதனால் எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள்.

போனிலேயே வடிகட்டுங்கள்

வேலைக்குத் திரும்பும் தேதிக்கு மூன்று நான்கு மாதம் முன்பே தேடத் தொடங்க வேண்டும். கைக்குழந்தை அறைக்கு ஆட்கள் அதிகம் தேவை என்பதால் பல காப்பகங்கள் அதைச் சிறியதாகவே வைத்திருக்கும். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

முதல் கேள்வி: ஒரு பராமரிப்பாளருக்கு எத்தனை குழந்தைகள்? ஒரு வயதுக்குள் என்றால் மூன்று குழந்தைக்கு ஒருவர், ஓர் அறையில் அதிகபட்சம் ஆறு குழந்தைகள் என்பதுதான் குழந்தை நல மருத்துவர்கள் பரிந்துரைக்கும் அளவு. நான்கு என்றால் யோசிக்கலாம். அதற்கு மேல் என்றால் அடுத்த எண்ணுக்குப் போங்கள். இதில் அன்பு மட்டும் விஷயம் இல்லை. தீப்பிடித்தால் நடக்கத் தெரியாத குழந்தைகளை ஒருவரால் எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விளம்பரத்தில் உள்ள விகிதத்தை அப்படியே நம்ப வேண்டாம். சமையல் செய்பவரையும் துடைப்பவரையும் சேர்த்துக் கணக்குக் காட்டும் இடங்கள் உண்டு. காலை திறக்கும்போது, பராமரிப்பாளர் சாப்பிடப் போகும்போது, மாலை கடைசி ஒரு மணி நேரம்: இந்த மூன்று வேளையிலும் அறையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். விகிதம் உடைவது பெரும்பாலும் இந்த நேரங்களில்தான்.

இரண்டாவது கேள்வி: என் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்? “எல்லாருமே பார்த்துக்கொள்வோம்” என்பது கேட்க இனிமையாக இருக்கும். நடைமுறையில் யாரும் பொறுப்பில்லை என்று அர்த்தமாகிவிடும். பால் கொடுப்பது, டயபர் மாற்றுவது, தூங்க வைப்பது ஆகியவற்றைப் பெரும்பாலும் ஒரே ஆள் செய்தால்தான் குழந்தையின் எந்த அழுகைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் பிடிபடும். அவர் பெயர், எத்தனை வருடமாக அங்கே வேலை செய்கிறார், அவர் லீவு போட்டால் யார் வருவார் என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிற இடத்தில் கட்டிடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

வீட்டிலேயே நடத்தும் சிறிய காப்பகங்களில் ஒரே முகம் என்ற நன்மை உண்டு. அவருக்கே காய்ச்சல் வந்தால் மாற்று யார், வீட்டில் வேறு யார் யார் வந்து போகிறார்கள் என்பதை மட்டும் விடாமல் கேளுங்கள். எந்த வகையானாலும் உரிமம் அல்லது பதிவு இருக்கிறதா, குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி பெற்றவர் எந்நேரமும் அறையில் இருப்பாரா என்பதைச் சான்றிதழோடு பாருங்கள். பயிற்சியின் தேதி பழையதாக இருந்தால் அதையும் கேளுங்கள்.

நேரில் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள்

அலுவலக அறையில் பேசிவிட்டு வந்தால் எதுவும் தெரியாது. கைக்குழந்தை அறையின் ஒரு மூலையில் தரையில் உட்கார அனுமதி கேளுங்கள். பால் கொடுக்கும் நேரம் ஒருமுறை, சாயங்காலம் எல்லாரும் களைத்திருக்கும் நேரம் ஒருமுறை என்று இரண்டு தடவை போவது நல்லது. காலையில் எல்லாருக்கும் சிரிப்பு வரும். சாயங்காலம் வருகிற பொறுமைதான் உண்மையான பொறுமை.

ஒரு குழந்தை அழ ஆரம்பித்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பராமரிப்பாளர் இன்னொரு குழந்தைக்கு டயபர் மாற்றிக்கொண்டிருந்தால் உடனே வர முடியாது, அது தப்பில்லை. ஆனால் “இதோ வந்துட்டேன் கண்ணு” என்று குரலாவது வருகிறதா? தூக்கியதும் அவர் உடம்பு தளர்கிறதா, விறைப்பாக இருக்கிறதா? அதைவிடத் தெளிவான அடையாளம் குழந்தைகளிடமே இருக்கிறது: பராமரிப்பாளர் அறைக்குள் நுழையும்போது தலையைத் திருப்பிப் பார்க்கின்றனவா, அவரை நோக்கித் தவழ்கின்றனவா? அறை ரொம்ப அமைதியாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். அழுது அழுது பலன் இல்லை என்று தெரிந்த குழந்தைகளும் அமைதியாகத்தான் இருக்கும்.

டயபர் மாற்றும் இடத்தில் கவனித்து நில்லுங்கள். முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே மாற்றுகிறாரா, மூட்டை கட்டுவதுபோல் செய்கிறாரா? ஒரு கை எப்போதும் குழந்தைமேல் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சோப்பால் 20 விநாடி கை கழுவ வேண்டும், விரிப்பைத் துடைக்க வேண்டும், கை கழுவும் தொட்டியிலேயே பால் புட்டி கழுவக் கூடாது.

விழித்திருக்கும் குழந்தைகள் எங்கே இருக்கின்றன என்பதும் முக்கியம். தரையில் விரிப்பில் புரண்டுகொண்டும் குப்புறக் கிடந்து தலை தூக்கிக்கொண்டும் இருந்தால் நல்லது. பவுன்சரிலும் (குழந்தையைச் சாய்த்து வைத்து ஆட்டும் இருக்கை) ஊஞ்சலிலும் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தால், ஆள் பற்றவில்லை என்று அர்த்தம். டிவி ஓடினால் அதற்கும் அதே அர்த்தம். டிஷ்யூ ரோலின் அட்டைக் குழாய்க்குள் நுழையக்கூடிய எந்தப் பொருளும் தரையில் கிடக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும்.

தூங்கும் இடம்: இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோகும் ஆபத்து இரண்டிலிருந்து நான்கு மாதத்தில் உச்சத்தில் இருக்கும். எப்போதும் மல்லாந்து படுத்துப் பழகிய குழந்தையைப் புதிய இடத்தில் யாராவது குப்புறப் படுக்க வைத்தால் ஆபத்து இன்னும் பல மடங்காகிறது. அதனால் பாட்டியானாலும் பராமரிப்பாளரானாலும் ஒரே விதிதான்: ஒவ்வொரு தூக்கத்துக்கும் மல்லாக்க, தனித் தொட்டிலில், அழுத்தினால் குழியாத சமமான மெத்தையில். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம். மரக் கம்பித் தொட்டிலானால் இடைவெளி 6 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

கார் இருக்கையிலோ பவுன்சரிலோ தூங்கிப்போனால் எடுத்துத் தொட்டிலில் போடுவார்களா? தூங்கும் அறையில் முகம் தெரியுமளவு வெளிச்சம் இருக்கிறதா? பத்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரில் வந்து மூச்சைப் பார்க்கிறார்களா? “கேமராவில் பார்த்துக்கொள்வோம்” என்றால் போதாது. “குப்புறப் போட்டால் நல்லாத் தூங்கும்” என்று யாராவது சொன்னால், மற்றதெல்லாம் எவ்வளவு பிடித்திருந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

பால்

புட்டியை ஏதாவதொன்றில் சாய்த்து வைத்துவிட்டு நகர்ந்தால் மூச்சுத் திணறும், காதிலும் தொற்று வரும். மடியில் வைத்து, குழந்தை தலையைத் திருப்பினால் நிறுத்தி, ஏப்பம் விடவைத்துக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். மணிக் கணக்கைவிடப் பசிக்கணக்குதான் சரி.

பிழிந்து எடுத்த தாய்ப்பால் 25 டிகிரி வரையுள்ள அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் தாங்கும். உறைந்த பாலை ஃபிரிட்ஜில் வைத்து உருக்கினால், முழுதாக உருகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. வாய் வைத்த புட்டியில் மிச்சமிருக்கும் தாய்ப்பாலை 2 மணி நேரத்திலும், ஃபார்முலாவை (குழந்தைகளுக்கான பவுடர் பால்) ஒரு மணி நேரத்திலும் கொட்டிவிட வேண்டும். மைக்ரோவேவில் சூடாக்கினால் சில இடம் மட்டும் கொதித்து வாயைச் சுட்டுவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தால் போதும். புட்டிகளில் பெயரும் தேதியும் எழுதி, 60 முதல் 90 மி.லி. வரை சிறிய அளவாகப் பிரித்து அனுப்பினால் பால் வீணாகாது.

பதில்களை எப்படி எடைபோடுவது

“குழந்தை அரை மணி நேரமாக நிறுத்தாமல் அழுகிறது, என்ன செய்வீர்கள்?” என்று நிர்வாகியிடம் கேட்காமல் பராமரிப்பாளரிடமே கேளுங்கள். பசி, ஈரம், காய்ச்சல் பார்ப்பேன், தூக்கி நடப்பேன், முடியாவிட்டால் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு இரண்டு நிமிடம் வெளியே போவேன், உங்களைக் கூப்பிடுவேன் என்று வரிசையாகச் சொல்பவர் அனுபவசாலி. தனக்கும் எரிச்சல் வரும் என்று ஒப்புக்கொள்பவரை நம்பலாம். கைக்குழந்தையை எரிச்சலில் உலுக்கினால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். “இங்கே குழந்தைகள் அழுவதே இல்லை” என்பது பதிலே அல்ல.

சொல்லாமல் கொள்ளாமல் எப்போது வேண்டுமானாலும் வரலாமா என்று கேளுங்கள். “போன் பண்ணிட்டு வாங்க” என்றால் தேடலைத் தொடருங்கள். ஏற்கெனவே அங்கே விட்டிருக்கும் பெற்றோரிடம் “நல்லா இருக்கா?” என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். கடைசியாக எதைப் பற்றிப் புகார் சொன்னீர்கள், அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கட்டணம், விடுமுறை நாட்கள், தாமதமானால் அபராதம், நிறுத்துவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, யார் யார் குழந்தையை அழைத்துப் போகலாம் என்பதெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நோய் விதியும் அதில் இருக்க வேண்டும்: 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் என்றால் வீட்டில் வைத்துக்கொள்வது, மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு அனுப்புவது. கறாராக இருக்கும் இடம்தான் உங்கள் குழந்தைக்கும் நல்லது. அப்படியும் முதல் வருடம் சளி அடிக்கடி வரும். அதற்கான லீவைக் கையில் வைத்திருங்கள்.

பழக்கும் இரண்டு வாரம்

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையானால் சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பே புட்டியைப் பழக்குங்கள். அம்மா கொடுத்தால் பெரும்பாலும் மறுக்கும். வேறு யாராவது கொடுக்கட்டும், அம்மா அறையில் இல்லாதபோது.

முதல் இரண்டு நாள் நீங்களும் கூடவே ஒரு மணி நேரம் இருங்கள். மூன்றாம் நாள் பதினைந்து நிமிடம் வெளியே போய் வாருங்கள். பிறகு ஒரு பால் வேளை, ஒரு தூக்கம், அரை நாள் என்று நீட்டுங்கள். நான்கு ஐந்து மாதக் குழந்தை யாரிடமும் போகும், ஒரு வாரத்தில் பழகிவிடும். ஏழெட்டு மாதத்தில் வேற்றுமுகம் பார்க்கத் தொடங்கிவிட்டால் முழுதாக இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். நீங்கள் உடுத்திய துணி ஒன்றைக் கொடுத்து வைத்தால் மடியில் வைத்திருக்கும்போது அந்த வாசனை ஆற்றும். தொட்டிலுக்குள் மட்டும் போக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நைசாக நழுவிப் போகாதீர்கள். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை என்ற பயம் அடுத்த நாள் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ள வைக்கும். டாட்டா சொல்லி, பராமரிப்பாளர் கையில் கொடுத்துவிட்டு, ஒரே தடவையில் கிளம்புங்கள்.

விடும்போது அழுவது பல வாரம் நீடிக்கலாம், அது கவலைப்படும் விஷயம் இல்லை. நீங்கள் போன பிறகு எவ்வளவு நேரம் அழுதது என்று கேளுங்கள். அது குறைந்துகொண்டே வர வேண்டும். கவலைப்பட வேண்டியவை வேறு: தினமும் பால் அப்படியே திரும்பி வருவது, எடை ஏறாமல் நிற்பது, ஆறாத டயபர் புண், பழகிய பராமரிப்பாளரைக் கண்டாலே உடம்பு சுருங்குவது, வழக்கத்துக்கு மாறான மயக்கத் தூக்கம். இன்னும் தவழாத குழந்தையின் உடம்பில் கன்றிப்போன தழும்பு தெரிந்தால் விளக்கம் கேட்பதோடு நிறுத்தாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காரணம் தெளிவாகும்வரை மறுநாள் அங்கே அனுப்ப வேண்டாம்; முன்பணம் போனால் போகட்டும்.