நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்: பல்கலைக்கழக ஊழியர் சங்கத்தில் செய்தி எழுதுபவர்களுக்கு

வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், நான் எழுதிய நோட்டீஸை நானே பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். "நாளை முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம். அலைகடலெனத் திரண்டு வாரீர்." பின்னால் நின்ற ஒரு பையன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "அக்கா, அப்போ என் மார்க்‌ஷீட்?" வேறொரு பல்கலைக்கழகத்தில் அவனுக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. சான்றிதழ் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அவன் விண்ணப்பம் என் மேஜையில்தான் கிடந்தது, ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. கையில் பசையோடு நின்ற என்னிடம் பதில் இல்லை.

நான் தேர்வுப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து இப்போது கண்காணிப்பாளராக இருக்கிறேன். சங்கத்தின் மாதச் செய்திமடலும் பலகை நோட்டீஸும் பல வருஷமாக என் தலையில். அதுவரை நோட்டீஸ் என்றால் நம் ஆட்களுக்கு எழுதுவது என்றே நினைத்திருந்தேன். நம் ஆட்கள் எங்கே நின்று படிக்கிறார்கள்? காலையில் வருகைப் பதிவுக்கு ஓடும்போது தலைப்பைப் பார்ப்பார்கள், மீதியை வாட்ஸப்பில் கேட்டுக்கொள்வார்கள். கவுன்ட்டர் வரிசையில் அரை மணி நேரம் நிற்கிற மாணவர்தான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறார். அவரைக் கணக்கில் எடுக்காமல் எழுதுகிற சங்கச் செய்தி பாதிச் செய்திதான். அதை எப்படி எழுதுவது, எழுதியதற்கு ஏற்ப எப்படி நடந்துகொள்வது என்று அடிபட்டுக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

செய்தி எழுதும்போது

பேச்சுவார்த்தை முடிந்து செயலாளர் வெளியே வருவார். முகத்தில் சந்தோஷம். "ஒத்துக்கிட்டாங்க, போட்டுடுங்க" என்பார். உடனே போட்டுவிடாதீர்கள். யார் ஒத்துக்கொண்டார்கள், வாயால் சொன்னார்களா எழுத்தில் கொடுத்தார்களா, எந்தத் தேதியிலிருந்து, யாருக்கெல்லாம் பொருந்தும் என்று கேளுங்கள். அறைக்குள் இருந்த இன்னொருவரிடம் தனியாக இதையே கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகும் இடம் மட்டும்தான் செய்தி. முரண்படுகிற இடத்தைக் கூட்டக் குறிப்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் பழைய நோட்டீஸ் ஒன்று இப்படி இருந்தது: "நமது தொடர் போராட்டத்தின் விளைவாக ஒப்பந்த ஊழியர்களின் கோரிக்கை கொள்கை அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

இப்போது அதே சேதியை எழுதினால் இப்படி எழுதுவேன்: "ஒப்பந்த ஊழியர் சம்பளத்தை மாதம் ஐந்தாம் தேதிக்குள் போடுவதாகப் பதிவாளர் செவ்வாய்க்கிழமை சொன்னார். எழுத்தில் இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டம் 14-ம் தேதி. நூலகத்தை மாலையில் சீக்கிரம் பூட்டுவது ஆள் பற்றாக்குறையால்தான். அதையும் பேசினோம், முடிவு வரவில்லை. விவரத்துக்கு: நூலகப் பிரிவின் செயற்குழு உறுப்பினர்."

இரண்டாவதில் கைதட்டல் வாங்குகிற வரி எதுவும் இல்லை. ஆனால் நூலகம் ஏன் பூட்டியிருக்கிறது என்று ஒரு மாணவருக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த முறை அந்தக் கதவு முன்னால் நின்று அவர் திட்டும்போது உள்ளே இருக்கும் ஊழியரைத் திட்டமாட்டார். "கொள்கை அளவில்" என்ற சொல் எழுத வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். கொள்கை அளவில் யாருக்கும் சம்பளம் வந்ததில்லை.

தவறாகப் போட்டுவிட்டால் எந்தப் பலகையில் போட்டீர்களோ அதே பலகையில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். நோட்டீஸின் மூலையில் "இந்தத் தேதியில் எடுத்துவிடவும்" என்று பென்சிலால் குறியுங்கள். போன வருஷத்து வாயிற்கூட்ட அழைப்பு இன்னும் தொங்குகிற பலகையை யாரும் நம்பமாட்டார்கள். தலைவர் மைக் பிடித்த படம் ஒன்று போதும், ஆறு வேண்டாம்.

மாணவர்களுக்கென்று ஒரு கட்டம்

செய்திமடலின் கடைசிப் பக்கத்தில் கால் பக்கத்தை நான் "கவுன்ட்டர் செய்தி" என்று ஒதுக்கியிருக்கிறேன். அந்த மாதம் கவுன்ட்டரில் என்ன காரணத்துக்காக விண்ணப்பங்கள் திரும்பிப் போயினவோ அதை அங்கே எழுதுவேன். காரணங்கள் எப்போதும் அற்பமானவை. முந்தைய சான்றிதழில் பெயர் ஓர் எழுத்து மாறியிருக்கும். பணம் கட்டிய ரசீதை இணைத்திருக்கமாட்டார்கள். மறுமதிப்பீட்டுக்கும் விடைத்தாள் நகலுக்கும் ஒரே படிவம் என்று நினைத்திருப்பார்கள். துறைத்தலைவர் முத்திரை இல்லாமல் நேராக எங்களிடம் வந்திருப்பார்கள். சுற்றறிக்கையில் இவையெல்லாம் இருக்கும்தான். அந்தச் சுற்றறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு தனிப் பட்டம் வேண்டும்.

செயற்குழுவில் ஒருவர், "இது நிர்வாகத்தின் வேலை, சங்கம் ஏன் செய்யணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 1997-ல் யுனெஸ்கோ உயர்கல்வி ஆசிரியர்களின் நிலை குறித்து ஒரு பரிந்துரையை நிறைவேற்றியது. சங்கமாகச் சேர்ந்து பேரம் பேசும் உரிமை அதில் இருக்கிறது, மாணவர்களைப் பாகுபாடின்றி நியாயமாக நடத்தும் கடமையும் அதே ஆவணத்தில் இருக்கிறது. அது ஆசிரியர்களுக்காக எழுதப்பட்டது, எங்களைப் போன்ற அலுவலக ஊழியர்களுக்கு அல்ல. ஆனாலும் அதை எடுத்துக் காட்டினேன். அவரை மடக்கியது என்னவோ வேறு விஷயம்தான்: அந்தக் கட்டம் வந்த பிறகு திரும்பி வருகிற விண்ணப்பம் குறைந்து, எங்கள் வேலையும் குறைந்தது.

வேலைநிறுத்தம் வரும்போது

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் காலையில் நாங்கள் மூன்று பேர் உள்ளே போய் அவன் ஃபைலை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து பந்தலில் உட்கார்ந்தோம். நல்ல காரியம் செய்ததாக நினைப்பு. நாங்கள் உள்ளே போனதை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் "தேர்வுப் பிரிவு வழக்கம்போல் இயங்குகிறது" என்று அந்தப் படம் எங்கும் சுற்றியது. சொந்த ஆட்களிடம் வாங்கிய வசவு தனி. உதவி செய்ததில் தப்பில்லை, முன்கூட்டியே முடிவு செய்து எல்லாரும் அறியச் செய்யாததுதான் தப்பு.

அதனால் இப்போது வேலைநிறுத்தத் தீர்மானம் போடும் பொதுக்குழுவிலேயே விலக்குப் பட்டியலும் போடுகிறோம். சுகாதார மையம், விடுதியில் தண்ணீரும் மின்சாரமும், ஆய்வகத்தில் உயிரோடு இருப்பவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆள், வெளியே கடைசித் தேதி உள்ள சான்றிதழ்கள். கடைசித் தேதிக்கான ஆதாரத்தை மாணவர் காட்ட வேண்டும். அதைப் பார்த்து முடிவு செய்ய மூன்று பேர் கொண்ட குழு. அவர்கள் எங்கே, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இருப்பார்கள் என்பதை வேலைநிறுத்த நோட்டீஸிலேயே போட்டுவிடுகிறோம், "திரண்டு வாரீர்" என்ற வரிக்கு மேலே. பட்டியலின் நகல் நிர்வாகத்துக்கும் முன்னதாகவே போய்விடும். அதற்குப் பிறகு யார் படம் எடுத்தாலும் கவலையில்லை.

மாணவர் அமைப்புகளோடு பேசுவதை அறிவிப்புக்கு முன்பே செய்யுங்கள். பிரிட்டனில் 2018 பிப்ரவரி 22-ல் தொடங்கி விட்டுவிட்டு மொத்தம் 14 நாள் நடந்த ஓய்வூதிய வேலைநிறுத்தத்தில் மாணவர்கள் சில இடங்களில் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குள் உட்கார்ந்து ஆசிரியர்களுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். அதே சமயம், நடக்காத வகுப்புக்குக் கட்டணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டும் கையெழுத்துகள் சேர்ந்தன. ஆதரவும் கோபமும் ஒரே வகுப்பறையில் இருக்கும். இரண்டுக்கும் பதில் வைத்துக்கொண்டுதான் மாணவர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும்.

விடைத்தாள் திருத்தமாட்டோம், மதிப்பெண் தரமாட்டோம் என்பது நம் கையில் உள்ள ஆயுதங்களிலேயே கூர்மையானது, அதனாலேயே பிடிக்கிற கையையும் வெட்டும். அதே பிரிட்டனில் 2023 ஏப்ரல் 20 முதல் செப்டம்பர் 6 வரை 145 நிறுவனங்களில் மதிப்பீட்டுப் புறக்கணிப்பு நடந்தது. இறுதி மதிப்பெண் இல்லாமலே பட்டமளிப்பு விழாவுக்குப் போன மாணவர்கள் நிறையப் பேர். புறக்கணித்தவர்களின் சம்பளத்தில் பல பல்கலைக்கழகங்கள் கணிசமாகப் பிடித்தம் செய்தன. நான் தேர்வுப் பிரிவு ஆள், எனக்கு இதில் பாரபட்சம் உண்டு: கடைசி வருஷ மாணவரின் தாளை இதில் சேர்க்கக்கூடாது என்பேன். "அதைச் சேர்க்காவிட்டால் நிர்வாகத்துக்கு உறைக்கவே உறைக்காது" என்று எங்கள் தலைவர் சொல்வார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எங்களுக்குள் இது இன்னும் தீரவில்லை.

கோரிக்கையிலேயே மாணவர்களுக்கும் இடம் இருந்தால் பாதி விளக்கம் மிச்சம். இலங்கையில் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பு 2012-ல் ஏறத்தாழ மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தது. சம்பளக் கோரிக்கையோடு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்றும் கேட்டார்கள். அந்த ஆறுதான் எல்லார் வாயிலும் நின்றது.

வகுப்பில் நின்றுகொண்டு மாணவர்களிடம் சங்க மனுவில் கையெழுத்து வாங்காதீர்கள். மதிப்பெண் போடுகிற கை நீட்டும் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எந்த மாணவர் சொல்வார்? ஆதரவு தானாக வர வேண்டும். வாசலில் ஒரு மேஜை போட்டு உட்காருங்கள், விருப்பப்பட்டவர்கள் வரட்டும். அடையாள அட்டையில் இருக்கும் எண்ணைக் கேட்காதீர்கள்.

தனியாக ஒரு மாணவர் வந்தால்

பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது சரியான அறையின் வழிதான். அறை எண்ணைச் சொல்லி அனுப்பிவிடாமல், முடிந்தால் கூடவே நடந்து போய் விடுங்கள். ஃபைல் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அந்த எண் கையில் இருந்தால் அடுத்த கவுன்ட்டரில் அவரை யாரும் சும்மா திருப்பி அனுப்ப முடியாது.

உயிர்வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரிப் பேசினால் தனியாக விடாதீர்கள். மற்ற வேலை நிற்கட்டும். மனநல ஆலோசகரிடமோ சுகாதார மையத்திலோ நேரில் ஒப்படைக்கும்வரை கூடவே இருங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். "தேவையானவரிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

சிக்கல் எங்கே வரும் என்றால், புகார் நம் சங்க உறுப்பினர் மேலேயே இருக்கும்போது. ஒரு மாணவி என்னிடம் வந்து, ஆய்வகத்தில் வேலை செய்கிற ஒருவர் எல்லார் முன்னாலும் தன்னை மட்டம் தட்டிப் பேசுகிறார் என்றார். அவர் எனக்குப் பழக்கமானவர், சந்தா ஒழுங்காகக் கட்டுகிறவர். பெரிய மனுஷியாட்டம் இரண்டு பக்கமும் பேசித் தீர்த்துவைக்கிறேன் என்று இறங்கினேன். அவள் என்னிடம் சொன்னதை அவரிடம், அவர் சொன்னதை அவளிடம். ஒரு வாரத்தில் அவள் வருவதை நிறுத்திவிட்டாள். தான் நம்பிச் சொன்ன வார்த்தை அப்படியே அந்த ஆள் வாயிலிருந்து திரும்பி வந்ததைக் கேட்டால் வேறென்ன செய்வாள்? அவள் கொடுக்காத புகாருக்கு நான்தான் காரணம்.

அதற்குப் பிறகு எங்கள் சங்கத்தில் ஒரு விதி. விசாரணையில் உறுப்பினருக்குத் துணை நிற்பவர் ஒருவர், மாணவருக்கு வழிகாட்டுபவர் இன்னொருவர். இருவரும் அந்த விஷயத்தைத் தங்களுக்குள் பேசக்கூடாது. உறுப்பினருக்குத் துணை நிற்பது அவர் செய்தது சரி என்று சொல்வதற்காக அல்ல, விசாரணை முறைப்படி நடக்கிறதா என்று பார்ப்பதற்காக. மாணவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி, படித்துக் காட்டி, தேதி போட்டு, ஒரு நகலை அவர் கையில் கொடுங்கள். உங்கள் நடைக்கு மாற்றி எழுதாதீர்கள். எங்களுக்கெல்லாம் ஃபைல் பாஷை ஒட்டிக்கொண்டிருக்கிறது. "தகாத முறையில் நடந்துகொண்டதாகத் தெரியவருகிறது" என்று எழுதினால் நடந்தது என்ன என்பதே காணாமல் போய்விடும்.

ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தனியாக ஒரு சொல். வகுப்பெடுப்பார்கள், விடைத்தாள் திருத்துவார்கள், ஆனால் பதிவேட்டில் மாணவர். 2022 நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேலைநிறுத்தம் செய்த 48,000 கல்விப் பணியாளர்களில் பெரும்பகுதி இவர்களைப் போன்றவர்கள்தான். உங்கள் சங்க விதியில் இவர்களுக்கு இடம் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த பொதுக்குழுவில் திருத்தம் கொண்டுவாருங்கள்.

முடிந்த பிறகு

வேலைநிறுத்தம் முடிந்த அன்று எல்லாரும் வெற்றி நோட்டீஸ் எழுதத்தான் துடிப்பார்கள். முதலில் நிலுவைக் கணக்கை எழுதுங்கள்: எத்தனை சான்றிதழ் தேங்கியிருக்கிறது, எந்த வரிசையில் முடிப்போம், உங்களுடையது எப்போது வரும். நாங்கள் அந்த எண்ணைத் தினமும் சாயங்காலம் பலகையில் சாக்பீஸால் மாற்றி எழுதுவோம். இரண்டாவது நாளிலேயே பார்த்தேன், மாணவர்கள் வந்து எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, கவுன்ட்டருக்கு வராமலே திரும்பிப் போனார்கள்.